தண்ணீர் ஊற்றினால் பழைய சீரம் திரும்பி வருமா?

இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் காலையில் முதலில் தொடுவது நோயாளியின் இரத்தத்தை அல்ல, குளிர்பெட்டியில் இருக்கும் கன்ட்ரோல் சீரத்தை, அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று பார்ப்பதற்கான, மதிப்புகள் முன்பே தெரிந்த சீரத்தைத்தான். சிறிய கண்ணாடிக் குப்பியின், எங்கள் பேச்சில் வயலின், அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் உலர்ந்த வில்லையாக ஒட்டியிருக்கும் அதில் 5 மில்லி தூய நீரை அளந்து விட்டு, கரைந்ததும் கருவியில் ஏற்றி, குளுக்கோஸ், யூரியா, புரதம், கொழுப்பு எல்லாம் குறித்த வரம்புக்குள் வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் வெளியே காத்திருப்பவர்களின் மாதிரிகளுக்கு வருகிறோம். வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றி முளைத்திருக்கும் லேப்களிலும், குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் கடைத்தெரு லேப்களிலும் இதே வழக்கம்தான்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) மாணவி ஒருவர், வயலில் நீர் விட்டுக்கொண்டிருந்தபோது, "சார், எடுத்த தண்ணியத்தானே திருப்பி ஊத்துறோம், அப்புறம் ஏன் இது கலங்கலா இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சீரத்தை உறைய வைத்து உலர்த்தி அதன் நீரை எடுத்துவிட்டு, அதே அளவு நீரைத் திருப்பிக் கொடுத்தால் பழைய சீரமே கிடைத்துவிடும் என்றுதான் பல ஆண்டுகள் இத்தொழிலில் இருப்பவர்களும் நினைக்கிறார்கள். எந்தப் புரதம், அதன் எந்தப் பண்பு என்று பிரித்துக் கேட்காமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. அல்புமின் ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வருகிறது. கொழுப்பைச் சுமக்கும் லைப்போபுரதங்கள் வருவதில்லை. நோய் எதிர்ப்புப் புரதங்களான இம்யுனோகுளோபுலின்கள் இரண்டுக்கும் இடையில் நிற்கின்றன. அன்று அவரிடம் அவசரத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் சீரத்தின் எடை ஏறத்தாழ 1025 கிராம். அதில் நீர் 930 கிராம் அளவுக்கு இருக்கும், மீதி கரைபொருள்கள். அந்தக் கரைபொருளில் பெரும்பங்கு புரதம்: 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் வரை, அதிலும் பாதிக்கு மேல் அல்புமின். ஆகவே 5 மில்லி சீரத்தை உலர்த்தும்போது வெளியேறுவது 5 மில்லி நீர் அல்ல, சுமார் 4.65 மில்லிதான். நாமோ 5 மில்லி நீர் விடுகிறோம். ஒரு கிராம் அல்புமின் கரைசலில் 0.73 மில்லி இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கரைந்து முடிந்ததும் வயலில் இருப்பது 5.3 மில்லிக்குச் சற்று மேல். மூலச் சீரத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே 6 விழுக்காடு அளவுக்கு நீர்த்துப்போயிருக்கும். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. தயாரிப்பாளர் தாளில் அச்சிட்டுத் தரும் மதிப்புகள் இப்படிக் கரைத்த பிறகு அளந்தவை. ஆனால் அடர்த்தி, பாகுத்தன்மை, ஒளிவிலகல் எண் ஆகிய மூன்றும் புரதச் செறிவைப் பின்பற்றியே ஏறி இறங்குபவை என்பதால், புரதத்துக்கு எந்தச் சேதமும் நேராவிட்டாலும் இம்மூன்றும் மூலச் சீரத்திலிருந்து விலகியே நிற்கும். உலர்த்துவதால் புரதம் கெட்டதா என்று ஆராய்பவர் முதலில் இந்த நீர்த்தலைக் கழித்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

சீரத்தை உறைய வைத்து உலர்த்தும் வித்தை புதிதல்ல. பாரிசில் தார்சொன்வாலும் போர்தாசும் 1906-இலும், அமெரிக்காவில் ஷாக்கெல் 1909-இலும் இதைச் செய்து காட்டினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஃப்ளாஸ்டார்ஃப், மட் (Mudd) ஆகிய இருவரும் 1935-இல் சீரத்தைப் பெருமளவில் உலர்த்தும் முறையையும் கருவியையும் வெளியிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வந்த உலகப் போர் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோயிற்று. உலர்ந்த பிளாஸ்மா ஒரு புட்டியிலும், கரைக்கும் நீர் இன்னொரு புட்டியிலுமாகப் போர்முனைக்குப் போயின. குளிர்பெட்டி இல்லாத இடத்தில் இரத்தப் புரதத்தை வைத்திருக்க வேறு வழி அப்போது இல்லை.

இப்போது புரதத்தின் பக்கம் வருவோம். உலர்த்தல் என்று நாம் சொன்னாலும், புரதத்துக்கு முதல் அடி விழுவது உறையும் கட்டத்திலேயே. சீரம் 0 டிகிரிக்கு அரை டிகிரி கீழே உறையத் தொடங்குகிறது. உறைவது நீர் மட்டும்தான். பனிப்படிகம் தன் அடுக்குக்குள் உப்பையோ புரதத்தையோ சேர்த்துக்கொள்வதில்லை. எனவே படிகங்கள் வளர வளர, அவற்றுக்கு இடையில் மிஞ்சும் நீரில் எல்லாம் செறிந்துகொண்டே போகின்றன. வெறும் உப்புக் கரைசலை எடுத்துக்கொண்டால், 0.9 விழுக்காட்டில் தொடங்கிய சோடியம் குளோரைடு மைனஸ் 21 டிகிரியில் 23 விழுக்காட்டை எட்டிய பிறகே முழுவதும் திடமாகிறது. சீரத்தில் புரதம் உடனிருப்பதால் விவரங்கள் மாறினாலும் போக்கு இதுதான்: இயல்பான உப்பில் பழகிய புரதம், சில நிமிடங்களில் அதைப்போல் பல மடங்கு உப்பின் நடுவே, தன் இனத்து மூலக்கூறுகளோடு நெருக்கியடித்து நிற்க வேண்டியிருக்கிறது.

உப்பு மட்டுமல்ல, அமில காரச் சமநிலையும் இந்த நேரத்தில் ஆட்டம் காண்கிறது. ஆய்வகங்களில் புரதத்தைச் சோடியம் பாஸ்பேட் கரைசலில் வைத்து உறைய வைத்தால், டைசோடியம் உப்பு முதலில் படிகமாகி விலகிவிட, மிஞ்சியிருக்கும் நீரில் பி.எச். 7-லிருந்து 4 வரைகூட இறங்கிவிடுகிறது. சீரத்தில் பாஸ்பேட் குறைவு என்பதால் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. ஆனால் சீரத்திலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை உலர்த்துபவர்கள் எந்தக் கரைசலில் உறைய வைத்தார்கள் என்பதைக் கேட்காமல் அவர்களுடைய முடிவை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. போதாததற்குப் பனிப்படிகத்தின் மேற்பரப்பும் புரதத்துக்குப் பகைதான். அதன் மீது ஒட்டும் புரதம் ஓரளவு மடிப்பு அவிழ்கிறது. மிக வேகமாக உறைய வைத்தால் படிகங்கள் சிறியனவாகவும் எண்ணற்றனவாகவும் உண்டாகி, மொத்த மேற்பரப்பு பெருகிவிடும். மெதுவாக உறைய வைத்தால் செறிந்த உப்பில் புரதம் நெடுநேரம் கிடக்க நேரும். ஒன்றைத் தவிர்த்தால் இன்னொன்று வந்து சேரும் இடம் இது.

அடுத்தது உலர்த்தும் கட்டம். உறைந்த வயலைச் சுற்றி வெற்றிடம் உண்டாக்கினால், பனி உருகாமலே ஆவியாகிறது. நீர் திரவமாக இருப்பதற்கு 4.58 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமாவது வேண்டும். அதற்குக் கீழே பனிக்கும் ஆவிக்கும் நடுவில் திரவம் என்ற நிலையே இல்லை. மைனஸ் 40 டிகிரியில் பனியின் ஆவியழுத்தம் 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால் இந்த வேலை மெல்லவே நடக்கும். வெயிலில் காயவைத்த வத்தல் சுருங்கிப்போவது, நீர் வெளியேறும்போது மீதிப் பொருள் நகர்ந்து நெருங்க இடம் கிடைப்பதால். இங்கே பனி ஒரு சாரம்போல் நின்று எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு தான் மட்டும் வெளியேறுகிறது. அதனால்தான் நல்ல வயலில் உள்ள வில்லை, ஊற்றிய சீரம் நின்ற உயரத்திலேயே, நுண்துளைகளோடு, விரல் பட்டால் நொறுங்கும் பக்குவத்தில் இருக்கிறது. மீண்டும் நீர் பட்டதும் அத்துளைகள் வழியே நீர் சட்டென்று உள்ளே இறங்குகிறது. உலர்த்தும்போது வெப்பம் அளவு மீறினால் செறிந்த பகுதி இளகிச் சரிந்து, வில்லை சுருங்கிப் பிசின்போல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட வயல் கரைய மறுத்து அடம் பிடிக்கும்.

பனி முழுவதும் போன பிறகும் புரதத்தோடு ஒட்டிய நீர் இருக்கிறது. ஒரு கிராம் புரதத்தைச் சுற்றி 0.3 முதல் 0.4 கிராம் வரை நீர், எவ்வளவு குளிர வைத்தாலும் பனியாகாமல் நிற்கும். புரதத்தின் மேற்பரப்பில் உள்ள மின்னேற்றங்களையும் ஹைட்ரஜன் பிணைப்பு தேடும் அணுக்களையும் அமைதிப்படுத்தி வைத்திருப்பது இந்த நீர்தான். வெப்பநிலையைச் சிறிது சிறிதாக உயர்த்தி இதையும் எடுத்து, ஈரத்தை 1 முதல் 3 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நீர் விலகியதும், அது பிடித்திருந்த இடங்கள் வெறுமையாக நிற்பதில்லை. ஒரு புரதத்தின் முதுகெலும்பு பக்கத்துப் புரதத்தின் முதுகெலும்போடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. அகச்சிவப்பு நிறமாலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நீரில் இருக்கும் அல்புமின் பெரும்பாலும் ஆல்ஃபா சுருள். அதன் அடையாளம் 1655 என்ற அலையெண்ணுக்கு அருகில் கூர்மையாக எழும். உலர்ந்த தூளில் அந்த முகடு தாழ்ந்து அகன்றுபோய், மூலக்கூறுகளுக்கு இடையிலான பீட்டா தாளைக் காட்டும் பகுதிகள் 1620, 1690 பக்கங்களில் தலைகாட்டும். அதாவது வயலில் தூளாக இருக்கும் நிலையிலேயே புரதத்தின் இரண்டாம்நிலை அமைப்பு, அதாவது அதன் சங்கிலி சுருண்டும் மடிந்தும் நிற்கும் விதம், மாறிவிட்டது.

எம்.ஐ.டி.யில் கிரீபெனோவும் கிளிபனோவும் 1995-இல் பல புரதங்களை இப்படிச் சோதித்து, உலரும்போது நேரும் இந்த மாற்றம் மறுபடி நீரில் கரைத்ததும் பெருமளவு சரியாகிவிடுகிறது என்று காட்டினார்கள். அல்புமினுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. 585 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியை 17 டைசல்ஃபைடு (இரு கந்தக அணுக்கள் இணையும்) பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால், மடிப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் திரும்பும் வழி தொலைவதில்லை. கரைத்த சீரத்தில் அல்புமினின் நகர்திறன், படிவு வேகம், சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் திறன் எல்லாம் ஏறத்தாழப் பழையபடி இருக்கின்றன. அதனால்தான் கன்ட்ரோலில் மொத்தப் புரதமும் அல்புமினும் அடம் பிடிக்காமல் வரம்புக்குள் வந்துவிடுகின்றன. (மாட்டுச் சீரத்தில் செய்த கன்ட்ரோலில் புரோமோகிரெசால் பர்ப்பிள் சாயம் அல்புமினைக் குறைத்துக் காட்டுவது வேறு கதை, அந்தச் சாயம் மாட்டு அல்புமினைச் சரிவரப் பிடிப்பதில்லை, உலர்த்தலின் தலையில் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது.)

அல்புமினுக்கு ஆபத்து உலர்த்தும்போது அல்ல, உலர்ந்த பின் சேமிப்பில் வருகிறது. அதில் கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீன்கள் 35. 34 ஜோடி சேர்ந்துவிட, ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. தூளில் ஈரம் ஏறினால் மூலக்கூறுகளுக்கு அசைய இடம் கிடைத்து, இந்தத் தனிச் சிஸ்டீன் பக்கத்து மூலக்கூறின் டைசல்ஃபைடு பிணைப்பை உடைத்துத் தன்னோடு இணைத்துக்கொள்ளும்; உடைபட்ட மறுபாதி இன்னொன்றைத் தேடும். கிளிபனோவும் லேங்கரும் உடனிருந்த குழு 1991-இல் மாட்டு அல்புமின் தூளில் இதைத்தான் கண்டது: சிறிதளவு ஈரமும் 37 டிகிரி வெப்பமும் சேர்ந்தபோது, நீரில் கரையாத திரள்களாக அது மாறியது. நீர் நிறைய இருந்தால் மூலக்கூறுகள் விலகி நிற்கும், நீரே இல்லாவிட்டால் அசையா. இரண்டும் இல்லாத இடைநிலைதான் கேடு. 37 டிகிரி என்பது ஆய்வகத்துக்குச் சூடாக இருக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40-ஐத் தாண்டும்போது, கூரியர் வண்டியிலும் ஏஜென்சி கடையின் பின்கட்டிலும் கிடக்கும் அட்டைப்பெட்டிக்கு அது சாதாரணம். ரப்பர் மூடி சரியாக இறுகாத வயல் அதில் ஒன்றிரண்டு இருந்தால் போதும். சீரத்திலேயே இருக்கும் குளுக்கோசும் அந்தச் சூட்டில் புரதத்தின் லைசினோடு மெல்லப் பிணைகிறது. வந்து இறங்கிய பெட்டியில் வில்லை நிறம் கறுத்தோ, ஓரம் சுருங்கியோ இருக்கும் வயலைக் கரைத்துப் பார்க்காமலே ஒதுக்கிவிடச் சொல்லி எங்கள் லேபில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சரியாக உலர்ந்து, சரியாக மூடியிருந்தால் வெப்பத்தைத் தாங்குவதில் உலர் புரதத்துக்கு இணை இல்லை. பிளாஸ்மாவிலிருந்து எடுத்த, இரத்தம் கட்டுவதற்கு உதவும் எட்டாம் உறைகாரணித் தூளை, வைரஸ்களைக் கொல்வதற்காக, 1980-களின் நடுவிலிருந்து இங்கிலாந்தில் 80 டிகிரியில் 72 மணி நேரம் வைத்தார்கள். அதன் செயல்திறன் பெரும்பாலும் தங்கியது. கரைசலாக இருந்திருந்தால் அந்தச் சூட்டில் வெகு விரைவில் திரண்டு வெள்ளையாகியிருக்கும்.

மாணவியின் கலங்கலுக்கு இப்போது வருகிறேன், ஏனெனில் இந்த விஷயத்தில் எனக்குச் சுவையான பகுதி இதுதான். கரைத்த வயலை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். புதிதாகப் பிரித்த சீரம் தெளிந்த வைக்கோல் நிறத்தில் இருக்கும். வயலைத் தாண்டி அச்செழுத்தைப் படிக்கலாம். கரைத்த கன்ட்ரோலில் ஒரு மெல்லிய பால்தன்மை படர்ந்திருக்கும். எழுத்தின் விளிம்பு மங்கும். அழுக்கோ கிருமியோ அல்ல அது. லைப்போபுரதங்கள் மற்றப் புரதங்களைப் போல் ஒற்றை மூலக்கூறுகள் அல்ல. எல்.டி.எல். என்பது 22 நானோமீட்டர் அளவுள்ள ஓர் உருண்டை. உள்ளே கொலஸ்ட்ரால் எஸ்டரும் டிரைகிளிசரைடும், வெளியே பாஸ்போலிப்பிடு ஓரடுக்கு, அதைச் சுற்றி வளைத்துப் படுத்திருக்கும் 4536 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே ஒரு அப்போபுரதம் பி. இந்த உருண்டை சேர்ந்து நிற்பதற்குக் காரணமே சுற்றியுள்ள நீர்தான். நீரை விரும்பாத கொழுப்பு உள்ளே ஒதுங்குகிறது, நீரை விரும்பும் தலைகள் வெளியே நிற்கின்றன. நீரை எடுத்துவிட்டால் உள் வெளி என்ற ஒழுங்குக்கே பொருள் இல்லாமல் போகிறது. உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டு, ஓரடுக்குகள் கலந்து, உள்ளிருக்கும் கொழுப்பு வெளியே கசிந்துவிடுகிறது. மறுபடி நீர் விட்டாலும் பழைய உருண்டைகள் அமைவதில்லை. பல அளவுகளில் திரண்ட கட்டிகளே கிடைக்கின்றன.

ஒளி சிதறலின் கணக்கு இங்கே இரக்கமற்றது. அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில், ஒரு துகள் சிதறடிக்கும் ஒளி அதன் விட்டத்தின் ஆறாம் படியைப் பொறுத்து ஏறுகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் சிதறல் 64 மடங்கு. எனவே மொத்தக் கொழுப்பில் சிறு பங்கு திரண்டாலும் போதும், சீரம் பால்போலாகிவிடும். குறுகிய அலைநீளத்தில் சிதறல் இன்னும் கூடும் என்பதால், 340 நானோமீட்டரில் படிக்கும் சோதனைகளில், மாதிரியின் சொந்தக் கலங்கலைத் தனியே அளந்து கழிக்காத பழைய செமி ஆட்டோ கருவிகள் சற்றே தடுமாறும். தயாரிப்பாளர்கள் கொழுப்பு மிகுந்த சீரத்தை உலர்த்தத் தயங்குவதும், சிலர் கொழுப்பை முன்பே குறைத்துவிடுவதும் இதனால்தான். உறைய வைப்பதற்கு முன் சுக்ரோஸ் போன்ற சர்க்கரையைச் சேர்த்தால், நீர் வெளியேறிய இடத்தில் அது நின்று புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு அமைப்பதோடு, உலர்ந்ததும் கண்ணாடிநிலையில் இறுகி எதையும் அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். லைப்போபுரதமும் அதன் துணையில் ஓரளவு பிழைக்கும். மருந்துப் புரதங்களில் இதைத் தாராளமாகச் செய்கிறார்கள். கன்ட்ரோல் சீரத்தில் அவ்வளவு சர்க்கரையைக் கொட்டினால் சவ்வூடு செறிவும் பாகுத்தன்மையும் எங்கேயோ போய்விடும். பிறகு அதைச் சீரம் என்று சொல்வதற்கில்லை.

இச்சேதம், மின்புலத்தில் புரதங்களை நகரவிட்டுப் பிரிக்கும் எலக்ட்ரோஃபோரசிசில் இன்னும் தெளிவாகத் தெரியும். அகரோஸ் தகட்டில் புதிய சீரத்தை ஓட்டினால் அல்புமின், ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2, பீட்டா, காமா என்று பட்டைகள் தனித்தனியே விழும். கரைத்த சீரத்தில் அல்புமின் பட்டை அப்படியே இருக்க, பீட்டா பகுதியில் லைப்போபுரதம் இருந்த இடம் மங்கிப்போய், மாதிரி வைத்த கோட்டிலேயே நகராமல் ஒரு மெல்லிய படிவு நிற்கும். அனுபவமில்லாதவர் அதைப் பார்த்து மயலோமா என்ற புற்றுநோயைக் காட்டும் எம் பட்டையோ என்று ஒரு நொடி திடுக்கிடுவதுண்டு.

இம்யுனோகுளோபுலின் ஜி இவ்வளவு பலவீனமானதல்ல. ஆனாலும் அல்புமினைப்போல் எளிதில் திரும்புவதும் இல்லை. பாதுகாப்பில்லாமல் உலர்த்தினால் இரண்டும் மூன்றுமாக ஒட்டிய கூட்டுகள் சிறு அளவில் உண்டாகின்றன. அதன் விளைவு லேபைவிட மருத்துவமனையில் பெரிது. ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் மலையடிவாரத்து ஊர்களில் பாம்புக்கடி புதிய செய்தியல்ல. அதற்குக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து, குதிரைச் சீரத்தின் இம்யுனோகுளோபுலினை பெப்சினால் வெட்டி எடுத்த துண்டுகள். நம் நாட்டில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் பொதுவாகச் செய்யப்படுகிறது. திரவ வடிவம் 2 முதல் 8 டிகிரியில் இருந்தாக வேண்டும். மின்சாரம் போய் வரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உலர்ந்த வடிவமே துணை. ஆனால் தொடக்கத்திலேயே 8 முதல் 10 வயல்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் 10 மில்லி நீர் விட்டுக் கரைய வேண்டும். நோயாளியின் உறவினர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த நிமிடங்கள் நீளமானவை. அவசரத்தில் வயலைக் குலுக்கினால் நுரை எழும். நுரைக்குமிழின் தோலில், காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில், புரதம் மடிப்பவிழ்ந்து திரளும். கலங்கலான, திரள்கள் உள்ள மருந்து உடனடி எதிர்வினைகளுக்கு வழி செய்யும். குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டுங்கள் என்று செவிலியர்களுக்குச் சொல்லித் தருவதன் பின்னணி இதுதான்.

நொதிகளைப் பற்றிச் சுருக்கமாக. லாக்டேட் டிஹைட்ரஜினேஸ் உறைவதிலேயே திறனை இழக்கும் குணம் கொண்டது. அல்கலைன் பாஸ்படேஸ் நேர்மாறு. கரைத்த பிறகு மணிக்கணக்கில் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். காலையில் கரைத்த வயலை மாலையில் மறுபடி ஓட்டி, மதிப்பு ஏறிவிட்டது, ரீஏஜென்ட் (சோதனைக் கரைசல்) சரியில்லை என்று கம்பெனிக்காரரை அழைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். இன்னொன்று பி.எச். வெற்றிடத்தில் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய்விடுவதால், கரைத்த சீரம் 8-ஐத் தாண்டிக் காரமாகிவிடும். அந்தக் காரத்தன்மையில் அல்புமின் கால்சியத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ள, மொத்தக் கால்சியம் மாறாதிருக்க, அயனிக் கால்சியம் தாழும். உலர் பிளாஸ்மாவைக் கரைக்கும் நீரில் சிறிதளவு சிட்ரிக் அமிலம் சேர்ப்பதும், சில கன்ட்ரோல்களுக்குப் பைகார்பனேட் கலந்த கரைப்பானைத் தனியே தருவதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

கரைக்கும் முறையில் எங்கள் பழக்கம் இது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வயலை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, அடியில் இரண்டு தட்டுத் தட்டி, மூடியில் ஒட்டியிருக்கும் தூளைக் கீழே இறக்கிய பிறகே திறக்கிறோம். உள்ளே வெற்றிடம் இருப்பதால் சட்டென்று திறந்தால் காற்று புகும் வேகத்தில் தூள் பறந்துவிடும். நீரைக் கண்ணாடிச் சுவர் வழியாக இறக்க வேண்டும். இதற்கு அளவு பிசகும் பைப்பெட் கூடாது. 5 மில்லியில் 0.1 மில்லி பிசகினாலே எல்லா மதிப்பும் 2 விழுக்காடு சாய்ந்துவிடும், அந்தச் சாய்வு எல்லாச் சோதனையிலும் ஒரே பக்கமாக வருவதால் கருவியின் கோளாறுபோலவே தோன்றும். பிறகு மூடி, வெளிச்சம் படாமல் அரை மணி நேரம் வைத்து, நடுவில் இருமுறை உருட்டுகிறோம். சீரத்தில் உள்ள மஞ்சள் நிறமியான பிலிரூபினுக்கு வெளிச்சம் ஆகாது. அரை மணி என்பது சோம்பலுக்கான நேரம் அல்ல: கண்ணுக்குக் கரைந்ததாகத் தெரிந்த பின்னும், புரதம் தன் நீருறையைத் திரும்பப் பெற்று மடிப்பைச் சரிசெய்துகொள்ள அவகாசம் வேண்டியிருக்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், கரைத்த சீரம் நோயாளியின் சீரத்தைப்போல் எல்லாச் சோதனையிலும் நடந்துகொள்ளாது. எச்.டி.எல்., எல்.டி.எல். நேரடிச் சோதனைகள், குறிப்பிட்ட சலவைப்பொருள்கள் ஒவ்வொரு லைப்போபுரதத்தின் மேற்பரப்பையும் அடையாளம் காணும் என்ற நம்பிக்கையில் அமைந்தவை. மேற்பரப்பே குலைந்த உருண்டையில் ஒரு கம்பெனியின் ரீஏஜென்ட் ஒரு மதிப்பையும், இன்னொன்று வேறு மதிப்பையும் தரும். நோயாளியின் புதிய சீரத்தில் அதே இரண்டும் ஒத்துப்போகும். நம் ஊர் சி.எம்.சி.யின் மருத்துவ உயிர்வேதியியல் துறை நாடு முழுவதும் உள்ள லேப்களுக்கு நடத்தும் வெளித் தர மதிப்பீட்டில் உலர்ந்த சீரம்தான் வருகிறது. அதில் ஒரே முறையையும் கருவியையும் பயன்படுத்தும் லேப்களைத் தனிக் குழுவாக வைத்து ஒப்பிடுவதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. எல்லா லேப்களின் சராசரியோடு தன் எச்.டி.எல். மதிப்பை ஒப்பிட்டுக் கவலைப்படுபவர், தன் குழுவின் சராசரியை முதலில் பார்க்க வேண்டும்.

கன்ட்ரோலில் கொழுப்புச் சோதனைகள் மட்டும் விலகி, அல்புமினும் மொத்தப் புரதமும் வரம்புக்குள் நின்றால், கருவியை அவிழ்ப்பதற்கு முன் நாங்கள் செய்வது ஒன்றுதான்: முந்தைய நாள் ஓட்டிய நோயாளிகளின் சீரத்தில் மிச்சமிருப்பதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, அதில் சிலவற்றை மறுபடி ஓட்டுகிறோம். அவை நேற்றைய மதிப்பையே தந்தால், கருவியை விட்டுவிட்டு வயலின் லாட் எண்ணையும், அது வந்த தேதியையும், வந்த அன்று பெட்டியில் ஐஸ்பேக் உருகியிருந்ததா என்பதையும் பதிவேட்டில் தேடத் தொடங்குகிறோம்.